பறவை மேயட்டும், பறக்க வைக்காதீர்கள்



ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒருநாள் கோடியக்கரை போய்வந்தேன். "பூநாரை வந்துவிட்டதா சார்?" என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். தூரத்தில் கொஞ்சம் நின்றன. ஆனால் நான் உட்கார்ந்து பார்த்தது கொசு உள்ளானை.

பேருக்கேற்ற உருவம். எடை 20, 30 கிராம். தராசில் ஒரு எலுமிச்சம்பழத்தை எதிரே வைத்தால் பழத்தின் பக்கம்தான் சாயும். சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் சமவெளியில் குஞ்சு பொரிக்கிற இனம் இது. பெரிய பறவைகள் முன்னால் கிளம்பிவிடும். அந்த வருடத்துக் குஞ்சுகள், வழிகாட்ட அப்பா அம்மா இல்லாமல், பின்னால் தானாகவே பல ஆயிரம் கிலோமீட்டர் வந்து சேரும். (டவுன் பள்ளியில் சேர அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்!)

அப்படி வந்த பறவைகள் சேற்றில் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. காரில் வந்த ஒரு குழுவில் ஒருவர் கைதட்டி அவற்றைக் கிளப்பினார். இன்னொருவர் படம் எடுத்தார். கூட்டம் சுற்றிவந்து இறங்கியதும் மறுபடியும் கைதட்டல். மூன்று முறை. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலம் என்று பெயர் பெற்ற இடத்தில்!

"ஒரு தடவை பறந்தால் என்ன குறைந்துவிடும்?" என்பீர்கள். உங்களுக்கு ஒரு தடவை; அன்றைக்கு வருகிற ஒவ்வொரு காருக்கும் ஒரு தடவை. மேய்கிற நேரம் போகிறது, தின்று சேர்த்த தெம்பும் போகிறது. கோடைக்குள் உடம்பில் கொழுப்பு சேர்த்தால்தான் அது திரும்ப வடக்கே போக முடியும்.

உப்பளமும் இறால் பண்ணையும் செய்வதைவிட இது பெரிய கேடா என்று என் மருமகன் கேட்டார். இல்லைதான். ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க, மிச்சமிருக்கும் சேற்றில் அவற்றை நிம்மதியாக விடுவது இன்னும் அவசியமாகிறது. அதற்கு அரசாணை எதுவும் வேண்டாம். நீங்களும் நானும் தள்ளி நின்றால் போதும்.

எவ்வளவு தள்ளி? பறவையே சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்வாங்குங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். படம் வேண்டுமென்றால் அலகைச் சேற்றில் செருகி நிற்பதை எடுங்கள். என் கண்ணுக்கு அதுதான் அழகு.

அரையாண்டு விடுமுறையில் வருபவர்கள் முன்னதாகச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் கட்டாயம். சிவப்புச் சட்டை வேண்டாம்.