மழைக்குப் பின் துளிர்க்கும் சோளம் மாடுகளுக்கு எமன்! உஷாராக இருப்பது எப்படி?

சேலம்:
கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் மாடு வளர்ப்பவர்கள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். காய்ந்து கிடந்த காடு, கரை, வரப்பு எல்லாம் பச்சை கட்டும். ஆனால் நல்லா நிற்கிற மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் சாய்த்துவிடும் ஆபத்தும் அதே பச்சையில்தான் ஒளிந்திருக்கிறது.

சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் மானாவாரியாக சோளம் விதைப்பது வழக்கம். தட்டு அறுத்த பிறகு கட்டையிலிருந்து மறுபடி துளிர் வரும். மழையில்லாமல் வாடி நின்ற பயிரும் ஒரு மழைக்கே குருத்து விடும். பசியோடு இருக்கிற மாடு முதலில் வாய் வைப்பது இதில்தான்.

சயனைடு விஷம்

இளஞ்சோளத்தில் இருக்கும் ஒரு வேதிப்பொருள், மாடு மென்று விழுங்கியதும் வயிற்றுக்குள் சயனைடு விஷமாக மாறுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பு அதை பயன்படுத்த முடியாமல் போகிறது. இதனால் மாடு மூச்சுத் திணறுகிறது. வாயில் நுரை தள்ளும், கால் நடுங்கும், தள்ளாடி கீழே விழும். மேய்ந்த கால் மணி நேரத்திலேயே இந்த அறிகுறிகள் தொடங்கலாம்.

பூக்காத, முழங்கால் உயரம்கூட வளராத சோளத்தில்தான் விஷம் அதிகம். பூத்த பிறகு அறுத்துப் போட்டால் பயம் குறைவு. வெயிலில் நன்றாகக் காய வைத்தால் விஷத்தின் பெரும்பகுதி போய்விடும். மரவள்ளித் தழை, கிழங்குத் தோலிலும் இதே விஷம் உண்டு. அதையும் பச்சையாக போடக்கூடாது.

ரோட்டோர அரளி

நெடுஞ்சாலை நடுத்திட்டில் அழகுக்காக வைக்கப்படும் அரளியும் ஆபத்தானது. செடியாக நிற்கும்போது கசப்பால் மாடு பெரும்பாலும் தொடாது. ஆனால் வெட்டி ஓரமாகப் போட்ட தழையை மற்ற தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். அது இதயத்தையே நிறுத்திவிடும். காட்டோரம் படர்ந்திருக்கும் உண்ணிச்செடி கல்லீரலைக் கெடுக்கும். ஆமணக்கு விதையும் கொடிய விஷம்.

மேய இடம் எங்கே?

வயிறு நிறைந்த மாடு பொதுவாக விஷச் செடி பக்கம் போகாது. பசிதான் அதை அங்கே தள்ளுகிறது. ஊருக்கு ஊர் இருந்த மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கிவிட்டது. மிச்ச இடத்தில் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிவிட்டன. கடைசியில் ரோட்டோரமும் அறுத்த காடும்தான் மாட்டுக்கு கதி. ஆகவே 'மேய்க்கிறவன் கவனிக்கலை' என்று அவர்மேல் மட்டும் பழி போடுவதில் நியாயம் இல்லை. நடுத்திட்டில் வெட்டிய தழையை உடனே அப்புறப்படுத்துவது சாலையைப் பராமரிப்பவர்களின் பொறுப்பு. புறம்போக்கை மீட்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

காப்பீடு செய்தாச்சா?

ஒரே ஒரு கறவை மாட்டை நம்பி அடுப்பெரியும் வீடுகள் ஏராளம். மாடு செத்தால் பால் பணம் நிற்கும். மாடு வாங்கிய கடன் மட்டும் நிற்காது. கால்நடை காப்பீட்டில் விவசாயி கட்ட வேண்டிய பங்கை 15 சதவீதமாக மத்திய அரசு 2024-ல் குறைத்தது. மீதியை அரசு மானியமாக ஏற்கிறது. ஆனால் காப்பீடு செய்யும்போது காதில் போட்ட வில்லை மாட்டிடம் இருக்க வேண்டும். செத்த மாட்டை உடனே புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் பிரேத பரிசோதனை சான்று வாங்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் இழப்பீடு கைக்கு வருவது கஷ்டம்.

என்ன செய்யலாம்?

* காலையில் வைக்கோல் அல்லது காய்ந்த தட்டு போட்டு பாதி வயிறு நிரப்பிய பிறகே மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டும்.

* சோளக்கட்டை துளிர்த்த காட்டில் மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது.

* மாடு விழுந்தால் வாயில் எண்ணெய், கரைசல் என எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே எமன்.

* தாமதிக்காமல் 1962 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்யலாம். சயனைடு விஷத்துக்கு மாற்று ஊசி உண்டு. நேரத்துக்குப் போட்டால் விழுந்த மாடும் எழுந்து நிற்கும்.

'பச்சைதானே, என்ன செஞ்சிடப் போகுது?' என்ற அலட்சியம் மட்டும் வேண்டாம்.