கவானின் கல்லூரிக்கு நாம் பட்ட கடன்

பீதர் நகரத்தில் கோட்டைக்குப் போகும் சாலையில், சௌபாரா என்கிற வட்டக் கோபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று ஒரு பக்கம் இடிந்து நிற்கும். 1472இல் எழுந்த கல்லூரி அது. விடுதி அறைகள், ஆசிரியர் குடியிருப்பு, விரிவுரைக் கூடங்கள், நூலகம், பள்ளிவாசல் எல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி அமைந்தது. கட்டியவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியும். போட்டித் தேர்வுக்குப் படித்த எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: மஹ்மூத் கவான், பாமினி அரசின் அமைச்சர், பீதரில் மதரஸா நிறுவியவர். ஒரு மதிப்பெண் வினாவுக்கான விடை. அந்த ஒரு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு அவரை அங்கேயே விட்டுவிட்டோம். ஐந்தரை நூற்றாண்டுப் பழமையுள்ள ஒரு கல்லூரியிடம் நாம் நடந்துகொண்ட விதம் இதுதான்.

நாம் என்று நான் சொல்வது வரலாறு படித்தவர்களை, அதைக் கற்பிப்பவர்களை, பத்திரிகைகளில் எழுதுபவர்களை, விடுமுறைக்கு ஊர் பார்க்கக் கிளம்புபவர்களை. அரசையும் தொல்லியல் துறையையும் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. அவர்கள் பங்கு அவர்களுக்கு இருக்கட்டும். கட்டடத்துக்குக் காவலும் வேலியும் அவர்கள் போட முடியும். அதை மக்கள் மனத்தில் இருத்த வேண்டிய வேலை நம்முடையது. அதை நாம் செய்யவில்லை.

கவான் ஈரானின் கீலான் பகுதியில் பிறந்தவர். 1453இல், நாற்பதைக் கடந்த வயதில், வணிகராக தாபோல் துறைமுகத்தில் வந்திறங்கினார். சரக்கை விற்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். பீதரில் கற்றறிந்தவர்களைப் பார்க்க வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அரசவையில் சேர்ந்தார், படை நடத்தினார், கடைசியில் அரசின் தலைமை அமைச்சரானார். நான்கு பெரிய மாகாணங்களை எட்டாகப் பிரித்து ஆளுநர்களின் பிடியைத் தளர்த்தியதும், ஓர் ஆளுநருக்கு ஒரு கோட்டைக்கு மேல் கூடாது என்று விதித்ததும், நிலத்தை அளந்து வரி போடச் செய்ததும் அவர்தான். அந்த அரசில் தக்காணத்தில் பிறந்தவர்கள் ஒரு கட்சி, கடல் கடந்து வந்தவர்கள் மறு கட்சி. இரு தரப்புக்கும் பதவிகளைச் சமமாகப் பங்கிட முயன்றார். உள்ளூர்ப் பிரபுக்களின் பகையை அவருக்குத் தேடித் தந்ததும் இந்தச் சீர்திருத்தங்கள்தான். இதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்கிறது. இந்த மனிதர் தன் செல்வத்தை எதில் போட்டார் என்பதைத்தான் நாம் நின்று கவனிக்கவில்லை.

அவர் அதைக் கல்லூரியில் போட்டார். கிழக்கு மேற்காக 205 அடி, தெற்கு வடக்காக 180 அடி. நடுவே சதுர முற்றம். நான்கு பக்கமும் நடுவில் முழு உயரத்துக்கு எழும்பும் கூடங்கள். அவற்றுக்கு இடையே மூன்று மாடிகளிலும் வரிசையாக அறைகள். மூன்று பக்கங்களில் கூடங்களின் வெளிச்சுவர் அரை எண்கோணமாகச் சாலைப் பக்கம் புடைத்து நிற்க, அதன் தலையில் குமிழ் போன்ற குவிமாடம். முகப்பு கிழக்கு நோக்கியது. அதன் இரு முனைகளிலும் இரண்டு மினார்கள். மாணவர்களுக்கு 36 அறைகள், ஆசிரியர்களுக்கு 6 குடியிருப்புகள் என்று இந்தக் கட்டடத்தை அளந்து எழுதியவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நூலகத்தில் 3,000 சுவடிகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. தங்க இடமும் உணவும் மாணவர்களுக்கு இலவசம்.

இந்தத் திட்டம் சமர்கந்து, குராசான் பக்கத்து மதரஸாக்களின் வழியில் வந்தது. உலூக் பேக் சமர்கந்தில் கட்டிய மதரஸாவுக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டுதான். நாற்புறக் கூடம், முகப்பு மினார், முற்றத்தைச் சுற்றிய மாணவர் அறை என்று அங்கே பார்ப்பதெல்லாம் இங்கேயும் உண்டு. சமர்கந்தின் ரெஜிஸ்தான் சதுக்கத்துப் படங்களைப் பார்த்து வியக்கும் நம்மவர்கள், அதே குடும்பத்துக் கட்டடம் ஒன்று ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் இருப்பதை அறிந்திருப்பது அபூர்வம்.

இதன் வேலைப்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முகப்புச் சுவர் முழுக்க ஒரு காலத்தில் வண்ண ஓடுகளால் மூடப்பட்டிருந்தது. கருநீலம், வான்நீலம், வெள்ளை, பச்சை, மஞ்சள். வெவ்வேறு நிற ஓடுகளை வேண்டிய வடிவில் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று இடைவெளி தெரியாமல் பதித்துப் பூவும் கொடியுமாக ஆக்கியிருக்கிறார்கள். மாடத்தின் மேல்விளிம்பில் குர்ஆன் வசனங்கள், துலுத் என்னும் பெரிய வளைவெழுத்தில், நீலத்தின் மேல் வெள்ளையாக ஓடுகின்றன. மிஞ்சியிருக்கிற வடக்கு மினாரின் உடலைச் சுற்றி ஓடுகள் வளைந்து நெளியும் கோடுகளாக ஏறுகின்றன. அடித்தளத்தில் ஈரம் மேலே ஏறாதிருக்கக் கல் வரிசைகளுக்கு நடுவே மெல்லிய ஈயத் தகடுகளை வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வரும்படி வெளிச்சுவரில் திறப்புகள். சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரப் போகும் பையனை நினைத்துக் கட்டிய கட்டடம் என்பது அந்த அறைகளில் நின்றால் புரியும்.

இந்தக் கல்லூரிக்கு ஆசிரியர்களைத் தேடிக் கவான் கடிதம் எழுதினார். பாரசீக இலக்கியத்தின் பெருங்கவிஞர் ஜாமி அப்போது ஹெராத்தில் இருந்தார். அவரையும் பீதருக்கு வரும்படி அழைத்தார். ஜாமி வரவில்லை, கடிதத் தொடர்பு நீடித்தது. கவான் தன் கடிதங்களை ‘ரியாளுல் இன்ஷா’ என்று ஒரு தொகுப்பாகவே விட்டுச் சென்றிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டுத் தக்காணத்தை உள்ளிருந்து காட்டும் மூலங்களில் அது முக்கியமானது. ருஷ்ய வணிகர் அஃபனாஸி நிக்கிதினின் பயணக் குறிப்பை விரும்பிப் படிக்கிறோம். அவர் பீதரில் தங்கியிருந்த காலத்தில் அந்த அரசை நடத்தியவரே எழுதிய கடிதங்களைத் தமிழில் படிக்க வேண்டும் என்று நாம் கேட்டதில்லை. உலக இலக்கியத்தை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்த மொழிபெயர்ப்பு மரபு நம்முடையது. அந்த மரபு பக்கத்து மாநிலத்துப் பாரசீகத்தின் பக்கம் திரும்பவில்லை.

கல்லூரி எழுந்து 185 ஆண்டுகள் கழித்து, 1657இல், இளவரசராக இருந்த ஔரங்கசீப் பீதரைப் பிடித்தார். பின்னர் அந்தக் கட்டடம் படைக்குப் போனது. குதிரைப்படையினர் தங்கினார்கள், அறைகளில் வெடிமருந்தைக் குவித்தார்கள். 1696இல் அது வெடித்தது. மின்னல் விழுந்து தீப்பற்றியதாகவும் சொல்வார்கள். முகப்பின் பெரும்பகுதியும் தெற்கு மினாரும் தென்கிழக்குப் பகுதியும் போயின. இன்று முகப்பின் நடுவே வாயில் இருந்த இடம் திறந்த வெளி. சுவடிகள் இருந்த அலமாரிகள் இல்லை, சுவடிகளும் இல்லை.

அந்தப் படைத்தலைவர்களைக் குற்றம் சொல்லும்போது நம் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உறுதியான சுவர், நிறைய அறைகள், நடுவே முற்றம்: அவர்களுக்கு அது வசதியான இடமாகத் தெரிந்தது. படிக்கிற இடம் என்பது எப்போது வேண்டுமானாலும் காலி செய்யக்கூடிய இடம் என்ற எண்ணம் நமக்குள்ளும் ஊறியிருக்கிறது. தேர்தல் பெட்டிகளை வைக்கவும் வெள்ள நிவாரண மூட்டைகளை அடுக்கவும் முதலில் ஒழித்துக் கொடுக்கப்படுவது வகுப்பறைதான். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்கப்படுவது நூலகத்தில்தான். பெரிய வெடிப்பு எதுவும் நிகழாததால் நாம் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த மறதிக்குத் தமிழர்களிடம் தனியாக ஒரு காரணமும் உண்டு. பாமினி என்றால் நமக்குக் காஞ்சிபுரம் நினைவுக்கு வரும். 1481இல் சுல்தான் மூன்றாம் முகம்மது ஷா தேர்ந்தெடுத்த குதிரைப்படையோடு விரைந்து வந்து காஞ்சிக் கோயில்களைச் சூறையாடினான். அந்தக் காயம் உண்மையானது. அதை மறைக்கவோ குறைக்கவோ வேண்டியதில்லை. ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. காஞ்சியிலிருந்து திரும்பிய அதே சுல்தான், அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, கொண்டப்பள்ளியில் வைத்துக் கவானைக் கொல்ல ஆணையிட்டான். கவானின் பகைவர்கள் அவருடைய முத்திரையைக் காத்தவனைக் குடிக்க வைத்து, வெற்றுத் தாளில் முத்திரை வாங்கி, ஒரிசா அரசனைப் படையெடுத்து வரும்படி கவான் அழைப்பதாக அதில் எழுதிவிட்டார்கள். முத்திரை என்னுடையது, எழுத்து என்னுடையதல்ல என்றார் கவான். கேட்கும் நிலையில் சுல்தான் இல்லை. எழுபது வயது முதியவரின் தலை விழுந்தது.

பிறகு அவர் சொத்தைக் கைப்பற்றப் போனவர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அரசின் தலைமை அமைச்சர் மண் பாத்திரத்தில் சமைத்து உண்டவர், பாயில் படுத்தவர் என்று வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா எழுதுகிறார். மறு ஆண்டே சுல்தானும் இறந்தான். கொஞ்ச காலத்தில் பாமினி அரசு ஐந்தாக உடைந்தது.

கவானும் போர்வீரர்தான். 1472இல், கல்லூரி எழுந்த அதே ஆண்டில், விஜயநகரத்திடமிருந்து கோவாவைப் பறித்தவர் அவர். அவரை மாசற்றவராக்கி வழிபடச் சொல்லவில்லை. கோவாவைப் பிடித்த கையே இந்தக் கல்லூரியையும் எழுப்பியது என்பதை இரண்டையும் விடாமல் சொல்லத் தெரிய வேண்டும். ராஜராஜனின் படையெடுப்புகளையும் அவன் எழுப்பிய பெரிய கோயிலையும் சேர்த்துப் பேச நமக்குத் தெரிகிறதே. அந்த நிதானத்தைச் சுல்தான்களின் தக்காணத்துக்கு நாம் தரவில்லை. கொள்ளையடித்த அரசனையும், அவனால் கொல்லப்பட்ட அமைச்சரையும், அமைச்சர் கட்டிய பள்ளியையும் ‘முஸ்லிம் ஆட்சி’ என்ற ஒரே தலைப்பில் போட்டு மூடிவிட்டோம்.

தெரியாததால் மறந்தோம் என்று சொல்லவும் வழியில்லை. ஹைதராபாத் நிஜாம் அரசின் தொல்லியல் துறை 1914இல் தொடங்கியதிலிருந்து குலாம் யஸ்தானி இந்தக் கட்டடங்களைப் பழுது பார்த்து, அளந்து, படமெடுத்து, பீதரின் வரலாறு பற்றிய பெருநூலை 1947இல் வெளியிட்டார். எச்.கே. ஷெர்வானி 1942இலேயே கவானின் வாழ்க்கையை நூலாக எழுதிவிட்டார். நல்ல நூலகங்களில் இவை இருக்கின்றன. எடுத்துப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. 2014இல் தக்காண சுல்தான்களின் நினைவுச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது பீதரும் அதில் இருந்தது. நம் ஏடுகளில் அது ஒரு பேச்சாகவே எழவில்லை.

பீதர் தூரத்து ஊர் என்று சமாதானம் சொல்லலாம். வேலூர் தூரமில்லை. கோட்டையைப் பார்க்கவும் பொற்கோயிலுக்கும் வேலூர் போகிறோம். அதே ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி இருக்கிறது. கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் தேடி வந்து படித்த இடம். தமிழ்நாட்டு முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை அதை விட்டுவிட்டு எழுத முடியாது. முஸ்லிம் அல்லாத நம்மில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறோம்? மதரஸா என்ற சொல் காதில் விழுந்ததும் சிலருக்கு அச்சம், சிலருக்கு இரக்கம். அங்கே என்ன படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டறியும் ஆர்வம் மட்டும் எழுவதில்லை. பீதரை மறந்த மனமும் இதே மனம்தான்.

முஸ்லிம் அறிஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று தயக்கத்தோடு சொல்கிறேன். ஆண்டு விழா மலர்களில் பாக்தாதின் நிஜாமிய்யாவையும் கெய்ரோவின் அல் அஸ்ஹரையும் பெருமையோடு எழுதுகிறார்கள். தென்னிந்திய மண்ணில், ஒரு வணிகர் தன் சம்பாத்தியத்தில் எழுப்பிய கல்லூரிக்கு அந்த மலர்களில் எத்தனை பக்கம் ஒதுக்கினார்கள்?

இனி செய்ய முடிகிறவை சில உண்டு. வரலாற்று ஆசிரியர்கள் பாமினி அரசைக் கற்பிக்கும்போது ஒரு பாடவேளையை இந்தக் கட்டடத்துக்கு ஒதுக்கலாம். கரும்பலகையில் அதன் வரைபடத்தைப் போட்டு, இந்த அறையில் நீ தங்குவாய், இந்தக் கூடத்தில் உன் ஆசிரியர் இருப்பார் என்று காட்டினாலே மாணவர்களுக்குப் பிடித்துவிடும். ஹம்பிக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் இன்னும் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு கலபுரகி, பீதர் வரை போகலாம். பதிப்பகங்கள் ஷெர்வானியின் நூலையும் கவானின் கடிதங்களில் ஒரு தேர்வையும் தமிழில் கொண்டுவரலாம். பாரசீகம் அறிந்தவர்கள் நம் அரபிக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். பீதருக்குப் போகிற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: மிஞ்சியிருக்கும் ஓடுகளைத் தொடாதீர்கள், சுவரில் பெயர் கீறாதீர்கள். மதரஸாவைப் பார்த்த பிறகு ஊருக்கு வெளியே கோர்னள்ளியில் இருக்கும் கவானின் கல்லறைக்கும் போய்விட்டு வாருங்கள். குவிமாடம் கிடையாது, எளிய கல்லறை.

ஹைதராபாத்திலிருந்து பீதர் சுமார் 140 கிலோமீட்டர். பேருந்தும் ரயிலும் இருக்கின்றன. காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.