ஏடு படித்தவர் பொதி படிக்கலாகாதா?

கணினி வலையில் ஓடும் பொதிகளை, அதாவது பாக்கெட்டுகளை, கோப்பில் பிடித்துவைத்துப் படிப்பது பொறியாளர் வேலை. தமிழ் படித்தவர்களுக்கு அங்கே என்ன அலுவல் என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். அடக்கம்போல் தோன்றும் இக்கேள்வியில் இருப்பது சோம்பல்தான். சான்றைப் பாராமல் அறிக்கையை நம்புவது என்று ஒரு சமூகம் முடிவுசெய்துவிட்டால், முதலில் ஏமாறுபவர்கள் சொற்களையே நம்பி வாழும் நாம்தான்.

2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளத்தில் நடந்ததை நினைவுகூர்வோம். அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. 29ஆம் நாள் வெளிவந்த நிலைய அறிக்கை அதைப் பொய்த் தகவல் என்றது. கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளிவலையோடு இணையாதவை, ஆகவே தாக்குதல் இயலாது என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை, செப்டம்பர் 4 அன்றே அது பற்றித் தகவல் வந்தது, பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான இணைய வலையில் இருந்த கணினி என்று ஒப்புக்கொண்டது. இரு அறிக்கைகளும் சொல்லளவில் முரண்படாமல் இருக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டு வலை தனித்தே இருந்தது என்பதற்கு எந்த அறிக்கையும் சான்றாகாது. அவ்வலைக்குள் பிடித்த பொதிகளில் வெளிமுகவரி ஏதேனும் தென்படுகிறதா என்பதே சோதனை. அதுவும் பிடித்த இடத்துக்கும் நேரத்துக்கும் மட்டுமே சாட்சி.

இதில் மந்திரம் எதுவுமில்லை. 1980களின் இறுதியில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவான டிசிபிடம்ப்பின் வழிவந்த கோப்பில், முகப்பாக 24 பைட்டு. பின்னர் ஒவ்வொரு பொதிக்கும் முன்னால் 16 பைட்டு: நொடி, நொடியின் நுண்கூறு, பிடிபட்ட நீளம், மூல நீளம். பிலிப் பியோண்டி எழுதிய ஸ்கேப்பி என்னும் பைத்தான் நிரலகத்தைக் கொண்டு, யார் யாரிடம் எப்போது பேசினார் என்பதைச் சில வரிகளில் அடுக்கிவிடலாம். பெருங்கோப்பை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றாமல் ஒவ்வொரு பொதியாகப் படிக்கவும் அதில் வழியுண்டு.

நீளம் ஏன் இரண்டு? பொதி முழுவதும் பிடிபடாமல் போகலாம். போனது எவ்வளவு என்பதையும் கோப்பு சொல்லியாக வேண்டும். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. எண்ணை நெருக்கி இழப்பை மறைக்கவில்லை. பதிப்பு நேர்மை என்று நாம் வகுப்பில் சொல்வது இதைத்தானே?

இது கூடங்குளத்தோடு முடியும் செய்தியன்று. நொய்யல் சாயநீர் வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகள் வேண்டும் எனப் பணித்தது. ஆக, ஆற்றின் நலம் எண்ணாக மாறி வலையில் ஏறுகிறது. தொழிற்கூடக் கருவிகள் பல பேசும் மோட்பஸ் 1979இல் பிறந்தது. கட்டளையிடுபவர் யார் என வினவும் வழக்கமே அதன் மூல வடிவில் இல்லை. அளவியிலிருந்து புறப்பட்ட எண்ணும் சேவையகத்தை அடைந்த எண்ணும் ஒன்றுதானா என்பதை, இருமுனைகளிலும் பிடித்த பொதிகளை ஒப்பிட்டுக் காணலாம். பாடபேதம் பார்ப்பது வேறென்ன? எவரும் மாற்றினார் என நாம் குற்றம் சாட்டவில்லை. மாற்றவில்லை என்பதை எதைக்கொண்டு காட்டுவீர்கள் என்றே கேட்கிறோம்.

மறையாக்கம் செய்த பேச்சில் உள்ளடக்கம் தெரியாதே என்பார்கள். தெரியாதுதான், யார், யாருடன், எந்நேரம், எவ்வளவு என்பன அப்போதும் தெரியும். பிறர் அந்தரங்கத்தை ஒற்றறியும் ஆபத்து இல்லையா என்பார்கள். உண்டு, ஆகவேதான் உரியவர் இசைவின்றிப் பிடித்தல் கூடாது என்கிறோம். நாம் வேண்டுவது, பொது நிலையங்களின் அளவுப் பதிவுகள் பொதி வடிவிலேயே சேமிக்கப்பட்டு, வழக்கு வரும்போது நடுநிலையாளர் திறந்து படிக்கக் கிடைக்க வேண்டும் என்பது மட்டுமே.

சுவடியியல் நடத்தும் தமிழ்த்துறைகள் இத்தகைய கோப்பு ஒன்றையும் மாணவர் முன் வைக்கட்டும். அதனால் தமிழ் தேய்ந்துவிடாது. நொய்யலுக்காகக் கவியரங்கம் நடத்துவோர், அதன் நீரைப் பற்றி அனுப்பப்படும் எண்களையும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.