இயற்கையைக் காப்போம் என்று தெர்மாகோலில் எழுதலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இயற்கையைப் பற்றிச் செய்யும் கலைப்பொருளைக் கடையில் வாங்கிய சாமானில் செய்யக்கூடாது என்பது என் கருத்து. சமீபத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போனேன். மேசைக்கு மேசை தெர்மாகோல் மலை, பிளாஸ்டிக் புல், ஜிகினா அருவி. ஒரு பலகையில் ‘மண்ணைக் காப்போம்’ என்று தெர்மாகோலில் வெட்டிய எழுத்து. அந்த எழுத்து மண்ணில் மக்காது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது ‘மிக்ஸ்டு மீடியா’ என்கிறார்கள். வண்ணத்தோடு துணி, கயிறு, மண், இலை என்று பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலை. 1912-ல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். ஐரோப்பாவில் அது பெரிய புதுமை. நம் வீட்டுப் பெண்களுக்கு அது வாசல் வேலை.

மார்கழிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். சாணம் தெளித்த தரை, பச்சரிசி மாவு, ஓரத்தில் காவி, நடுவில் சாண உருண்டையில் பூசணிப் பூ. மாடு, வயல், மண், கொடி நான்கும் அதில் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் எறும்பு வந்து மாவைத் தூக்கிக்கொண்டு போகும். பூசணிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். பிஞ்சில்லாத ஆண் பூவைப் பறித்தால் காய்ப்பு குறையாது. அதிலும் சிலவற்றைத் தேனீக்கு விட்டுவைக்க வேண்டும். ஒரு கோலத்துக்குள் ஒரு முழு அறிவியல் பாடம் இருக்கிறது. இன்று மாவுக்குப் பதில் கல்மாவு, கோலத்துக்குப் பதில் ஸ்டிக்கர். பார்வைக்கு அதே கோலம்தான். எறும்புக்கு மட்டும் ஒன்றுமில்லை.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். அரசுச் சாலை ஆய்வாளர். புது நகரம் கட்டுவதற்காகப் பல கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாடுகளையும், உடைந்த வளையல், பீங்கான் ஓடு, ஆற்றுக் கல் இவற்றையும் சைக்கிளில் சேர்த்துக்கொண்டு வந்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பல வருடம் சிலைகள் செய்தார். 1976-ல் அது ‘ராக் கார்டன்’ என்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஊர் தூக்கிப் போட்டதை வைத்தே ஊருக்கு அழகு செய்தவர் அவர்.

என் ஐந்தாம் வகுப்பில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டுவரச் சொல்வேன். செம்மண், கரிசல், ஆற்று மணல் எல்லாம் வரும். பசை தடவி ஒட்டிப் படம் செய்வோம். “இந்த மண்ணில் எது விளையும்?” என்று கேட்டால், அதுவரை வாயே திறக்காத பிள்ளை எழுந்து கடலை, கம்பு, பருத்தி என்று அடுக்கும். அப்பா கூலி வேலை பார்க்கும் பிள்ளைக்கும் அங்கே குறைவு இல்லை. இன்றைய ப்ராஜெக்டுக்கு 300 ரூபாய் வேண்டும் என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அன்றைக்கு லீவு போட்டுவிடும்.

“சார், அலுவலகம் முடிந்து வரவே இரவாகிறது, ரெடிமேடுதான் வசதி” என்பீர்கள். உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் பசைக்குக் கொஞ்சம் மைதாக் கஞ்சி, வெங்காயச் சருகு, முட்டை ஓடு, தேங்காய் நார், பழைய வேட்டிக் கிழிசல் போதும். அடுக்குமாடி வீட்டிலும் இவை கிடைக்கும். மீதியைப் பிள்ளையே செய்துகொள்ளும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் போடும் முன் “இதெல்லாம் எங்கிருந்து எடுத்தாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கடைப்பெயர் சொல்லும் பிள்ளையைவிட, வேப்பமரத்தடி என்று சொல்லும் பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போடுங்கள். பளபளப்புக்கு மதிப்பெண் நின்றால், கடைக்கு ஓடுவதும் நின்றுவிடும்.

பேரப்பிள்ளைகள் செய்ததைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கோணல்மாணலாக இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
உங்கள் பழைய சார்