கொதிக்கும் இடத்தில் பிளாஸ்டிக்!

கார் எஞ்சினின் சூட்டைத் தணிப்பது தண்ணீர். அதை ஓட விடுவது பம்பு. ஆற வைப்பது ரேடியேட்டர். அந்தக் காலத்தில் இவை செம்பு, பித்தளை, இரும்பு. பிறகு எடையும் செலவும் குறைய, பிளாஸ்டிக் புகுந்தது. கதவுக் கைப்பிடிக்குப் பிளாஸ்டிக் போதும். கொதிநீர் ஓடும் இடத்தில் எதற்கு?

ஜெர்மனியில் 1990-ல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசைக் கார் நல்ல பெயர் எடுத்தது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், அதன் சில பம்புகளின் உள்ளே சுழலும் சக்கரம் பிளாஸ்டிக்! தெர்மோஸ்டாட் மூடியும் பல எஞ்சின்களில் பிளாஸ்டிக்! பகலெல்லாம் சூடு, இரவில் குளிர். சில வருடங்களில் அது முறுகி வெடிக்கிறது.

சக்கரம் உடைந்தால் பெல்ட் சுற்றும், தண்ணீர் நகராது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது! சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் எஞ்சினின் அலுமினியத் தலை வளைந்துவிடலாம். சின்னச் சாமானால் பெரிய தண்டம்!

எனவே, பழைய கார் வைத்திருப்போர் உலோகச் சக்கர பம்பும் அலுமினிய மூடியும் மாற்றுகிறார்கள். சரியான காரியம். என்றாலும், ரப்பர் குழாய் ரப்பர்தான். பம்பின் பேரிங்கும் தேயும். முள் ஏறினால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.