ஓதம் ஏறும் சுவர்களும் ‘சுத்தம்’ பேசும் வாய்களும்

மழைக்காலம் வந்தால் தொகுப்பு வீடுகளின் சுவர்களைப் பார்த்து ஒரு வாக்கியம் தவறாமல் சொல்லப்படும்: “வீடு கட்டிக் கொடுத்தாலும் சுத்தமா வச்சுக்கத் தெரியாது.” தரையிலிருந்து இடுப்பளவு ஏறிய ஓதம், உப்புப் பூத்து உதிரும் பூச்சு, மூலைகளில் கறுத்துப் படரும் பூஞ்சை என எல்லாவற்றுக்கும் அங்கே வாழ்பவர்களின் பழக்கமே காரணம் என்றாகிவிடுகிறது. இது சாதி சொல்லும் பொய். அதை உடைக்க, சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செங்கல்லிலும் கலவையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல, அஸ்திவாரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும். அதைத் தடுக்கத்தான் சுவர் எழும்பும் இடத்தில் நீர்புகாத ஒரு படை போட வேண்டும் என்பது கட்டுமானத்தின் அரிச்சுவடி. அந்தப் படையைப் போடாமல் விட்டாலோ, வீடு கட்டிய பிறகு ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போட்டுத் தெருவை உயர்த்தினாலோ ஈரம் உள்ளே வரும். ஈரத்தோடு மண்ணின் உப்பும் ஏறும். தண்ணீர் காற்றில் கலந்துவிட, உப்பு படிகமாகிப் பூச்சைப் பிளக்கும். மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழை வரைக்கும் மறைக்கலாம். துடைப்பத்தாலும் பினாயிலாலும் தீர்க்கக்கூடிய கோளாறு அல்ல இது.

அந்த மண்ணில் ஏன் அவ்வளவு ஈரம்? ஊர் மேட்டிலும் சேரி தாழ்விலும் இருப்பது இயற்கை வகுத்த ஏற்பாடு அல்ல. ஏரியின் வடிகால் ஓரம், வாய்க்கால் கரை, மழைநீர் தேங்கும் பள்ளம் என யாருக்கும் வேண்டாத நிலமே சேரிக்கு ஒதுக்கப்பட்டது. நகரமும் அதையே செய்கிறது. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளத்தின் பெயரால் அகற்றி, தண்ணீர் தேங்கும் பகுதியிலேயே குடிவைத்தார்கள். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், கை வைத்தாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அந்தப் பூச்சைப் பூசியவர்கள் குடியிருப்போர் அல்லவே!

எல்லாப் பூஞ்சையும் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தால் வருவதில்லை என்பதும் உண்மை. சமையல் ஆவி, குளியல், உலராத துணி ஆகியவற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்தாலும் பூஞ்சை வரும். ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் சமைத்து, துணி உலர்த்தி, உறங்கும் வீட்டுக்கு ஒற்றைச் சன்னலை வைத்தவர் யார்? அதைப் பழக்கம் என்பது, வரைபடம் போட்டவரைத் தப்பவிடும் தந்திரம்.

இந்தத் தந்திரம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சமூக வீட்டு நிறுவனமொன்றின் குடியிருப்பில் வாழ்ந்த சூடானியக் குடும்பம் 2017இலேயே பூஞ்சை பற்றிப் புகார் செய்தது. மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதே பதில். குடும்பத்தின் வாழ்க்கைமுறையும் குளிக்கும் விதமும்தான் காரணம் என்று நிறுவனம் ஊகித்துக்கொண்டது. 2020 டிசம்பரில் அவர்களின் இரண்டு வயது மகன் அவாப் இஷாக் மூச்சுத்திணறி இறந்தான். நீண்டகாலம் பூஞ்சைக்கு ஆட்பட்டதே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

அந்தப் பெற்றோர் விடாமல் போராடியதால், 2023ஆம் ஆண்டுச் சமூக வீட்டுவசதிச் சட்டத்தில் ‘அவாப் சட்டம்’ இடம்பெற்றது. 2025 அக்டோபர் 27 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான கோளாறை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஓதம், பூஞ்சை என்றால் 10 வேலை நாட்களில் ஆய்வு முடித்து, அடுத்த 5 வேலை நாட்களில் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். “நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்?” என்று குடியிருப்போரைக் கேட்ட இடத்தில், “எத்தனை நாளில் சரிசெய்வீர்கள்?” என்று வீட்டு நிர்வாகத்தைச் சட்டம் கேட்கிறது.

நாமும் அதையே கேட்க வேண்டும். ஓதமும் பூஞ்சையும் ஆஸ்துமாவுடனும் சுவாச நோய்களுடனும் தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆகவே இது அழகு பற்றிய புகார் அல்ல, உயிர் பற்றிய உரிமை. அரசு கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் பழுதுநீக்கக் கால வரம்பு வேண்டும். ஒப்பந்ததாரரின் பொறுப்பு சாவி கொடுத்த அன்றே முடியக் கூடாது. ஓதத் தடுப்புப் படை போட்டதற்கான சான்று இல்லாமல் கட்டணம் வழங்கக் கூடாது.

தோழர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவின் சுவர்களைத் தேதியோடு படமெடுங்கள். ஈரம் தரையிலிருந்து ஒரே மட்டமாக ஏறியிருந்தால் அஸ்திவாரக் கோளாறு, கூரையிலிருந்து இறங்கினால் தளக் கசிவு, கழிவறைச் சுவரில் மட்டும் இருந்தால் குழாய்க் கசிவு என்று முதற்கட்டமாகப் பிரித்து எழுதுங்கள். தனித்தனியாக அல்ல, தெருவாகச் சேர்ந்து மனு கொடுங்கள். ஒரு வீட்டில் பூஞ்சை இருந்தால் பழக்கம் என்பார்கள். நாற்பது வீட்டில் ஒரே உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது என்று காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். வரவேற்போம். அந்தச் சொல்லோடு சேர்த்து ஒதுக்கப்பட்ட தாழ்நிலமும் தரமற்ற சுவரும் அப்படியே இருக்கின்றன. அவற்றை நீக்கும் தேதி எது?