விதை நெல்லைத் தொடாத ஜப்தி!



"வீட்டை ஜப்தி பண்ணிட்டாங்களாம்" என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவரின் சொத்தை, நீதிமன்ற உத்தரவுப்படி கைப்பற்றுவதுதான் ஜப்தி.

இது தமிழ்ச் சொல் அல்ல. 'ஜப்த்' என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. இறுகப் பிடித்தல், கட்டுக்குள் வைத்தல் என்று அதற்குப் பொருள். பாரசீகம் அரசாங்க மொழியாக இருந்த காலத்தில் நம் நாட்டில் பரவிய சொல் இது. அக்பர் காலத்தில், நிலத்தை அளந்து வரி விதிக்கும் முறைக்கே 'ஜப்தி' என்றுதான் பெயர்! வசூல், ரத்து, ஜாமீன் எல்லாம் இப்படி அரபியிலிருந்து வந்து சேர்ந்தவைதான். ஜப்தி செய்ய வருகிற 'அமீனா'வும் அப்படியே. 'அமீன்' என்ற அரபுச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? நம்பிக்கைக்கு உரியவர்!

சரி, கடன்பட்டவரின் வீட்டில் இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடலாமா? முடியாது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், தன் 60-ஆம் பிரிவில் அதைத் தடுக்கிறது.

தஞ்சை மாவட்டம் திருப்பனந்தாளில் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பா பயிர் வெள்ளத்தில் போய்விட்டது. கடனை அடைக்க முடியவில்லை. ஜப்திக்கு உத்தரவு வந்துவிட்டது. அப்போதும் அவருடைய ஏர், மண்வெட்டி போன்ற கருவிகளை எடுக்கக் கூடாது. பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகளையும், விதை நெல்லையும் தொடக் கூடாது. வீட்டாருக்கு அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, அம்மாவின் தாலி ஆகியவற்றுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. தச்சராக இருந்தால் அவருடைய உளியையும் எடுக்க முடியாது.

ஏன் இப்படி? விதை நெல்லையும் எடுத்துவிட்டால் அடுத்த போகம் ஏது? அடுத்த போகம் விளையாவிட்டால் பாக்கிக் கடன் எப்படி அடையும்? பசித்தாலும் விதை நெல்லில் கை வைக்கக் கூடாது என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். சட்டமும் அதையேதான் சொல்கிறது.

இது உங்களுக்கும் பொருந்தும். உங்கள் பேனாவை இரவல் வாங்கிய நண்பன் தொலைத்துவிட்டான். கோபம் வரத்தான் செய்யும். கேளுங்கள், திருப்பித் தருவது அவன் கடமை. ஆனால், பரீட்சை அன்று அவன் கையில் இருக்கும் ஒரே பேனாவைப் பிடுங்காதீர்கள். அவன் எதைக்கொண்டு எழுதுவான்?

அன்புடன்,
ஆசிரியர்